பங்குனி வெயிலில் பார்த்த வீடு

கோவில்பட்டி,
பங்குனி 21, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி வெயில் வந்ததில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அங்கே மஸ்கட்டில் நீயும் பேத்தி தாரணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்பதை முதலில் எழுது, வீட்டு விஷயத்தைப் பிறகு எழுது.

நேற்று சாயங்காலம் பைபாஸ் பக்கத்து வீட்டில், அதாவது என் நோட்டில் ஒன்பதாம் நம்பர் போட்ட வீட்டில், இருந்தவர்கள் ஆறு பேர். நான், உன் அப்பா, என் தம்பி முத்துசெல்வம், புரோக்கர் பேச்சிராஜா, வீட்டுக்காரர் திருப்பூரில் இருப்பதால் அவருக்குப் பதிலாகச் சாவி கொண்டுவந்த அவருடைய மச்சினர் ராஜமணி, நான் கூட்டிப்போன கருப்பசாமி கொத்தனார். வேறு யாரும் கிடையாது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது என்று உன் மாமா உன்னிடம் சொன்னது தப்பு. எதிர் வீட்டு வெள்ளாடு ஒன்று வாசலில் நின்றது, அதைக் கணக்கில் சேர்த்தால் ஏழு. அட்வான்ஸ் கொடுக்கப் போன இடத்தில் அம்மா கொடுக்கவிடாமல் மறித்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. மறித்தது நான்தான். மானத்தை நான் வாங்கவில்லை, அவனாகக் கொடுத்தான், அதைக் கீழே எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அங்கே டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே பேசுகிறாய், இங்கே அப்பா பக்கத்தில் நின்று விடு விடு என்கிறார், பாதியில் லைன் போய்விடுகிறது, மீதியை நீயாக நினைத்துக்கொள்கிறாய். அதனால் இன்றைக்கு விளக்குப் பூஜை முடித்ததும் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவேன். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் விரலால் பெரிதாக்கிக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி.

முதலில் என் தப்பை எழுதிவிடுகிறேன். அந்த ஒன்பதாம் வீட்டை உனக்குப் பிடிக்க வைத்ததே நான். கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் பார்க்கப் போனோம். வெள்ளைச் சுவர், முகம் தெரிகிற தரை, மாடியில் பால்கனி, அடுக்களையில் இழுத்தால் சத்தமில்லாமல் வருகிற அலமாரி. கிழக்கு வாசல் வேறு. பூஜைக்குத் தனி அறை, அதில் நின்றால் விளக்கு ஏற்றாமலே விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. நோட்டில் மற்ற வீடுகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாகக் குறை எழுதினவள் இதற்கு "மனசுக்கு ஒட்டுகிறது" என்று ஒரே வரி எழுதினேன். வீடியோ எடுத்து அனுப்பினதும் நான், தாரணிக்கு இந்த அறை என்று சொன்னதும் நான். நீ அந்தப் பால்கனியில் தாரணி நின்று உனக்குக் கை காட்டுவதை மனசில் பார்த்துவிட்டாய். அந்தப் படத்தை நானே கொடுத்துவிட்டு நானே பிடுங்குகிறேன் என்பதுதான் உனக்குக் கோபம். கோபம் நியாயம். ஆனால் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது.

உன்கூட வேலை பார்க்கிற கேரளத்துப் பெண் ஏழு வீடு பார்த்து எட்டாவதை வாங்கிவிட்டாள், ஊர் உலகத்தில் எல்லாரும் எட்டு, மிஞ்சிப்போனால் பத்து வீடு பார்ப்பார்கள், நான் இருபத்துமூன்று வீடு பார்த்துவிட்டேன், இந்தப் போக்கில் போனால் தாரணி கல்யாணத்துக்குத்தான் பால் காய்ச்சுவோம் என்று சொன்னாய். உன் மாமாவுக்கு இரண்டு வீடு போதும் என்று இருந்தது, முதல் வீட்டில் காபி கொடுக்கவில்லை, இரண்டாம் வீட்டில் கொடுத்தார்கள், வாங்கிவிட்டான். நான் பார்த்தது இருபத்துமூன்று, இரண்டாவது தடவை போனதையும் சேர்த்தால் முப்பத்தொன்று. ஒன்றையும் சும்மா பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை, கதவு எண், வாசல் திசை, தண்ணீர், அக்கம்பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறேன். இரண்டாம் வீட்டில் வீட்டுக்காரர் கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "இவிய விப்பாக, நான் எந்திரிக்க மாட்டேன், நீங்க வேற பாத்துக்கிடுங்க யக்கா" என்று காதில் சொன்னாள். அது விற்பனை வீடே இல்லை, புருசன் பெண்டாட்டி சண்டை. ஐந்தாம் வீட்டில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது என்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, பின்பக்கம் போய்க் குடத்தை எண்ணினேன். முப்பத்துநாலு குடம், இரண்டு டிரம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற வீட்டில் எதற்கு முப்பத்துநாலு குடம். ஏழாவது மூன்றாம் மாடி பிளாட், லிப்ட் வரப்போகிறது என்று நாலு வருசமாகச் சொல்கிறார்களாம், அப்பா இரண்டாம் மாடியிலேயே படியில் உட்கார்ந்துகொண்டு, "நீ பாத்துட்டு வந்து சொல்லு, எனக்கு இங்கன காத்து நல்லா வருது" என்றார். பன்னிரண்டாம் வீட்டை உனக்கு நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வீடு குறையில்லாத வீடு. வீட்டுக்காரர் மருமகன் என்ன செய்கிறார் என்று கேட்டார். பேச்சிராஜா நான் வாயைத் திறப்பதற்குள், மாப்பிள்ளை மஸ்கட்டில் பெரிய வேலை என்று சொல்லப் பார்த்தான். நான் அவனை நிறுத்தி, மகள் விவாகரத்து ஆனவள், பிள்ளையோடு வருகிறாள், வீடு அவள் பேரில் அவள் சம்பாத்தியத்தில் வாங்குகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்றார், இன்றுவரை கலந்துகொண்டே இருக்கிறார். அந்தப் பக்கத்தில் நான் எழுதினது, "நாம் இவர்களுக்கு வேண்டாம், இவர்கள் நமக்கும் வேண்டாம்". வெளியே வந்து பேச்சிராஜாவிடம், இனி எந்த வீட்டு வாசலிலும் என் மகளுக்கு இல்லாத புருசனை உண்டாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மறுபடியும் ஒன்பதாம் வீட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது, இத்தனை வருசம் நானும் அதைப் பழக்கம் என்றுதான் நினைத்தேன், இப்போதுதான் அது எவ்வளவு பெரிய ஏமாளித்தனம் என்று தெரிகிறது. மார்கழியில் எதுவும் பேசக் கூடாது, தை பிறந்ததும் பத்திரம் பதிய வேண்டும், ஆகவே எல்லாரும் ஐப்பசி கார்த்திகையில் வீடு பார்க்கிறார்கள். அந்த இரண்டு மாதம்தான் இந்தப் பக்கத்தில் மழை. கரிசல் மண் மழையைக் குடித்து உப்பி நிற்கிற நேரம் அது. மண் உப்பினால் சுவரில் இருக்கிற வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொள்ளும், மேலே பட்டி பார்த்துக் கீறலை அடைத்து வெள்ளை அடித்துவிட்டால் கட்டின கொத்தனாருக்கே தெரியாது. பிறகு பங்குனி சித்திரை வெயிலில் மண் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும்போது மேலே நிற்கிற வீடும் அதோடு சேர்ந்து பிளக்கும். அப்போது பத்திரம் பதிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். தை மாதம் நம் தெருவில் பால் காய்ச்சினவர்கள் சித்திரையில் ஏன் கொத்தனாரைத் தேடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. நாமே அப்படி அடிபட்டவர்கள். புதூர் வீட்டை நினைத்துப் பார். கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போதே கட்டிவிட வேண்டும் என்று மழை மாதத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சித்திரையில் கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளி நடு அறையில் போட்டோம், நீ ஏம்மா என்று கேட்டாய், காத்து வரட்டும் என்று சொன்னேன். காத்துக்காக இல்லை. அந்தச் சுவர் வழியாக வெளியே வேப்பமரம் தெரிந்தது. கடைசியில் வீட்டுக்கு விலையே இல்லை என்று மனைக்கு மட்டும் விலை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து வாடகை வீடுதான்.

கார்த்திகையில் பார்த்தபோதே அந்த வீட்டு ஸ்டோர் ரூமில், ஜன்னலுக்குக் கீழே, மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தது. பெயிண்ட் கோடு என்றார்கள். நானும் நம்ப ஆசைப்பட்டேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. எல்லாரும் மாடிக்குப் போன நேரத்தில் இரண்டு பொட்டை எடுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கிற மாதிரி ஒட்டிவிட்டு வந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்த நேரத்துக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு பார்த்த எந்த வீட்டில் கோடு கண்டாலும் இரண்டு பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். தையில் பத்திரம் போடுவோம் என்று மாமா குதித்தபோது நான் தாரணியின் பள்ளிக்கூடச் சான்றிதழ், அப்பாவின் முழங்கால் என்று ஆயிரம் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டதெல்லாம் இந்த வெயிலுக்காகத்தான். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. பங்குனியில் வீட்டைத் திறந்து காட்டச் சொன்னதும் பேச்சிராஜா, "யக்கா, ஆகாத மாசம்லா, சாமி கும்பிடுத நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி" என்றான். குடிபோகத்தான் ஆகாது, பார்க்கிறதுக்கு ஆகும், அம்மனே பங்குனியில்தான் தெருவைப் பார்க்கப் புறப்பட்டு வருகிறாள் என்று சொன்னேன். அவன் மாமாவைப் பார்த்தான், மாமா வானத்தைப் பார்த்தான்.

நேற்று நடந்தது இதுதான். கூடத்தில் பாய் விரித்துத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்கள். அட்வான்ஸ் பை அப்பா மடியில் இருந்தது. நான் உட்காரவில்லை, ஸ்டோர் ரூமைத் திறங்கள் என்றேன். ராஜமணி, அதில் பழைய சாமான் கிடக்கிறது, தூசி என்றார். தூசி எனக்குப் பழக்கம் என்றேன். சாவி தேடவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே போனால் இரண்டு பொட்டும் இருந்தன, ஆனால் தொட்டுக்கொண்டு இல்லை. ஒன்று அங்கே, ஒன்று இங்கே, நடுவில் என் சுண்டுவிரல் நகம் போகிற அளவுக்குப் பிளவு. பேச்சிராஜா எட்டிப் பார்த்து, "என்னக்கா, செவுத்துக்கும் பொட்டு வச்சு விட்டிருக்கிய, திருஷ்டிக்கா" என்று சிரித்தான். கருப்பசாமி சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த வாரியலில் ஓர் ஈர்க்கை ஒடித்து உள்ளே விட்டார். ஒரு விரல் நீளம் போய் அதற்கு மேலும் போனது. அவர் என்னிடம் சொல்லவில்லை, கூடத்துக்கு வந்து அப்பாவிடம்தான் சொன்னார். "அண்ணாச்சி, இது பூச்சு வெடிப்பு இல்ல, செவுரு வெடிப்பு. கீழ இருந்து ஏறி வருது. அடிமானம் கரிசலோட நின்னுருச்சு, சுக்கானுக்குப் போகல" என்றார். சுக்கான் என்றால் உனக்கு ஞாபகம் இருக்கும், கிணறு தோண்டும்போது கறுப்பு மண் முடிந்து வெள்ளையாகக் கெட்டியாக வருமே, அது. அஸ்திவாரம் அதுவரைக்கும் இறங்கவில்லை என்கிறார். உடனே ராஜமணி, "அதெப்பிடி, போன மாசந்தான அம்புட்டு ரூமுக்கும் பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சோம், இந்த ரூம் ஒண்ணுதான் விட்டுப்போச்சு" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அப்பா மெதுவாக, "குடியில்லாத வீட்டுக்குப் போன மாசம் எதுக்குப் பட்டி பாத்திய?" என்று கேட்டார். வெள்ளாடு மட்டும் கத்தியது.

அப்போதுதான் உன் மாமாவுக்குக் கோபம் வந்தது. "வெடிக்காத வீடு இந்தக் கரிசல்ல எங்கன இருக்கு, காட்டு. எங்க வீட்டுலயும்தான் கீறல் இருக்கு, நாங்க என்ன செத்தா போயிட்டோம். கொத்தனாரக் கூட்டிட்டு வந்து கேவலப்படுத்துதியாக்கா" என்றான். நான் குரலை உயர்த்தவில்லை, அதை அப்பாவிடமே கேட்டுக்கொள். "ஏலே முத்து, ஒன் வீட்டுல கீறல் இருக்குதது எனக்குத் தெரியும். பத்து வருசமா ஒன் பீரோ அந்த எடத்த விட்டு நகரலியே. என் மவகிட்ட மறைக்கதுக்கு பீரோ இல்லலே" என்றேன். ராஜமணி சிரித்துவிட்டார், கருப்பசாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். மானம் போனது என்று அவன் சொல்வது இந்த இடம்தான். அப்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனார், நானும் பின்னால் போனேன். சுவரை ஒட்டி மண் நீளமாகப் பிளந்து கிடந்தது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் குத்தவைத்து உட்கார்ந்து பிளவுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் போனது. "என் கை போகுது, ஜானகி" என்றார். எழுந்து பையை என் கையில் கொடுத்து, "போவோம்" என்றார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "புதூர்ல நான் இத மாதிரி ஒருநா குனிஞ்சு பாத்திருக்கணும்" என்றார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருசத்தில் அந்த வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

முத்துசெல்வத்தை நீ தப்பாக நினைக்காதே. அவன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அந்த வீடு, அக்கா மகள் தன் கண் பார்வையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறான், தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஆண் துணை பக்கத்தில் வேண்டும் என்கிறான். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாமா வீட்டு வாசலில் நின்று நீ எத்தனை மணிக்குப் போனாய் எத்தனை மணிக்கு வந்தாய் என்று எண்ணுகிற ஆள் உனக்குத் துணை இல்லை. இடிகிற சுவரை மாமாவால் தாங்கிப் பிடிக்கவும் முடியாது. எத்தனை வீடுதான் பார்ப்பாய் என்று என்னைக் கேட்டாயே, அதற்குப் பதில் எழுதுகிறேன், கோபப்படாமல் படி. உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நாங்கள் பார்த்தது ஒரே ஒரு வீடு. அரை மணி நேரம் இருந்தோம். கேசரி சாப்பிட்டோம், வாசலில் நின்ற காரைப் பார்த்தோம், தெரிந்த இடம் என்று நாலு பேர் சொன்னார்கள், திருப்தி என்று எழுந்து வந்தோம். அடுக்களை எங்கே இருக்கிறது என்றுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை, அது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அந்த அம்மா தன் சொந்த மகளிடம் எப்படிப் பேசுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒரு சேலை எடுக்க நாற்பது சேலையை விரித்துப் போடச் சொல்கிறவள், வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள், பெற்ற மகளை அரை மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் அனுப்பிவிட்டேன். நீ அதற்காக ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நீ சொல்லாததால் எனக்கு மறந்துபோகவில்லை. இந்தத் தடவை யார் சலித்துக்கொண்டாலும், யார் சிரித்தாலும், நீயே போனை வைத்தாலும் நான் பார்க்கிற மட்டும் பார்ப்பேன்.

பார்த்ததில் எனக்குத் தேறின வீடு ஒன்று இருக்கிறது. நீ வீடியோவில் பார்த்து, இருட்டாக இருக்கிறது, பழசாக இருக்கிறது, பதினோரு வருசம் ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்றது இதற்கா என்று கேட்டாயே, அந்தப் பதினேழாம் நம்பர். ஸ்டேஷனுக்குப் பின்னால் உமாதேவி என்கிற அம்மாவின் வீடு. சத்துணவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகனோடு போய் இருக்க மதுரைக்குக் கிளம்புகிறார். அவர் வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிற கான்ட்ராக்டராக இருந்தவர், இறந்து மூன்று வருசம் ஆகிறது. மண்ணைத் தெரிந்த மனுசன், தன் வீட்டுக்கும் கிணறு மாதிரியே குழி போட்டு, சுக்கான் வருகிற வரைக்கும் இறங்கி, அதன் மேல் தூண் எழுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு சித்திரையைத் தாண்டின வீடு. நான் கேட்பதற்கு முன்னாலேயே உமாதேவி அம்மா என்னைப் படுக்கை அறைக்குக் கூட்டிப் போய்க் கட்டிலை அவரே இழுத்து, "இந்தா இந்த ஒரு கீறல்தான் யக்கா, வீடு கட்டி ரெண்டாம் வருசம் வந்தது, அதுக்குப் பெறவு வளரல. நாளைக்குக் கண்டுபிடிச்சு என்னைத் திட்டப்பிடாதுல்லா" என்றார். இருபத்துமூன்று வீட்டில் குறையைத் தானாகக் காட்டினது அவர் ஒருவர்தான். தையில் அங்கேயும் இரண்டு பொட்டு வைத்தேன், பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். முந்தாநாள் போனேன். பொட்டு இரண்டும் ஒட்டினபடியே ஒட்டியிருக்கிறது, ஊசி நுழையாது. பின்பக்க மண் வெடித்திருக்கிறது, வெடிக்கத்தான் செய்யும், ஆனால் வீடு அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நிற்கிறது. கருப்பசாமி சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இத இடிக்கணும்னாத்தான் செலவு" என்றார்.

குறையையும் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. அடுக்களை இருட்டு, பகலிலும் லைட் போட வேண்டும். கிழக்குப் பக்கம் ஜன்னல் திறக்கலாம் என்று கருப்பசாமி சொல்கிறார். பால்கனி கிடையாது, மொட்டை மாடிக்குப் படி இருக்கிறது, கைப்பிடி போட வேண்டும். குளியலறை ஒன்று உள்ளே, ஒன்று கொல்லையில். தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை, அதை அந்த அம்மாவே சொன்னார், தொட்டி பெரிது. கார் நிறுத்த இடம் இல்லை. ரயில் சத்தம் கேட்கும், ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்கினால் முதல் ஒரு மாதம் உனக்குச் சிரமமாக இருக்கும். தெற்கு வாசல். அதற்காகத்தான் நிறைய பேர் வேண்டாம் என்று போயிருக்கிறார்கள், நானும் முதல் தடவை வாசலைப் பார்த்ததும் திரும்பப் பார்த்தேன். உள்ளே போன பிறகுதான் தோன்றியது, ஒன்பதாம் வீட்டுக்குக் கிழக்கு வாசல் என்று மயங்கினவள்தானே நான் என்று. உன் பேரில் வாங்குகிறது என்று உமாதேவி அம்மாவிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறிய?" சொன்னதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் மகளும் அதே பள்ளிக்கூட வேனில்தான் போகிறாள் என்று எனக்குக் காட்டிவிட்டார். நான் நோட்டில் அந்த வீட்டுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், அதையும் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன்.

இப்போது முடிவாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வீட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், அந்தப் பை அங்கே போகாது, இதில் நீ அழுதாலும் மாமா பேசாமல் இருந்தாலும் மாற்றம் இல்லை. பதினேழாம் வீட்டை நீதான் சொல்ல வேண்டும். பத்திரத்தில் சத்யபிரியா, தகப்பனார் பெயர் லிங்கராஜ் என்று இருக்கும், கையெழுத்து உன்னுடையது, அடுக்களையில் நிற்கப்போவதும் நீ. நான் பார்த்துச் சொல்லலாம், நீ வாழ்வதை நான் வாழ முடியாது. ஒரு தடவை உனக்காக நாங்களே முடிவு செய்தோம், மறுபடி அதைச் செய்ய மாட்டேன். உமாதேவி அம்மாவிடம் வேறு ஒரு பார்ட்டி புதன்கிழமை அட்வான்ஸோடு வருகிறார்கள், செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்காகப் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ வேண்டும் என்றால் சித்திரை பிறந்து நல்ல நாள் பார்த்துப் பத்திரம், நீ வைகாசியில் வந்து இறங்கும்போது ஜன்னல் திறந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் வேண்டாம் என்று சொல், எனக்காகப் பிடித்த மாதிரி எழுதாதே. புதன்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு இருபத்துநாலாவது வீட்டைப் பார்க்கப் போவேன், கடம்பூர் ரோட்டில் ஒன்று இருப்பதாகப் பேச்சிராஜா இன்றைக்கே போன் பண்ணிவிட்டான். திட்டு வாங்கினாலும் அவன் விடுகிற ஆள் இல்லை. நானும் இல்லை.

தாரணியின் டி.சி.யில் முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். கார்கோவில் பெட்டி போடுவதற்கு அவசரப்படாதே, விலாசம் முடிவானதும் போடு. வேலை விட்டு வருகிற மாதம் என்று சாப்பாட்டைச் சுருக்காதே. மாமாவிடம் நீயாகவே போன் பண்ணிப் பேசு, என்னைப் பற்றி அவன் என்ன சொன்னாலும் உம் கொட்டிக்கொள், தேர் இழுக்க வடத்துக்கு எப்படியும் வருவான், சுக்குக் காபி கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்கிறேன். நாளைக்கு அம்மன் கோயிலில் கொடியேற்றம். உன் பேருக்கும் தாரணி பேருக்கும் பத்து நாளும் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாலும் பயமில்லாமல் படுத்துத் தூங்குகிற இடமாக அதை அம்மன் ஆக்கித் தரட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார்.

என்றும் உன் நல்லதையே வேண்டுகிற அம்மா,
லி. ஜானகியம்மாள்

பதினேழு வேண்டுமா, வேண்டாமா என்று செவ்வாய்க்கிழமைக்குள் பதில் எழுது.